சிதைமேடையின் காற்றுவழி

பிணம் எரிகிற நாற்றம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், அது ஒரு பொருட்டே அல்ல என்றுதான் சொல்வேன். ஏரியோரச் சுடுகாட்டுக்கு எதிரே ஆறு வருஷம் குடியிருந்தவன் நான். எனக்குக் குமட்டிய இடம் வேறு. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸ், அதற்குள் ஏசி போட்ட ஓர் அறை, அந்த அறையில் பிளாஸ்டிக் பூ வைத்த நீள மேஜை, மேஜையின் ஒரு கோடியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த நான்.

திருச்சியிலிருந்து மாற்றலாகி ஹைதராபாத் வந்தவன். ராமச்சந்திராபுரத்துப் பெரிய தொழிற்சாலையில் உலைகளுக்கு பர்னர் வடிவமைக்கும் பிரிவில் இருந்தேன். அதிலும் எனக்கு விதித்தது காற்று. எரிப்பது என்றாலே ஜனங்களுக்கு எண்ணெயும் விறகும்தான் ஞாபகத்துக்கு வரும். காற்றை ஒருத்தரும் மதிப்பதில்லை, சும்மா கிடைக்கிறதல்லவா. ஆனால் உள்ளே போகிற எண்ணெய் முழுக்கச் சூடாக மாறுகிறதா, பாதி கரியாகி வெளியே போகிறதா என்பதைத் தீர்மானிப்பது காற்று நுழையும் வாசல்தான். அது எந்த உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு அகலம், வரும் வழியில் எதிலாவது முட்டுகிறதா, தீயின் அடிக்குப் போகிறதா அல்லது மேலோடு போய்விடுகிறதா, இதுதான் விஷயம். காற்று குறைந்தால் கரும்புகை. மிஞ்சினால் சூட்டையும் தூக்கிக்கொண்டு புகைபோக்கி வழியாக ஓடிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கைப் பிடிப்பதிலேயே என் தலைமுடி பாதி போயிற்று.

சாஃப்ட்வேர்காரர்கள் வந்து குவிந்த வருஷங்கள் அவை. தொழிற்சாலைக்கு அப்பால் பாறையும் புதருமாகக் கிடந்த நிலமெல்லாம் பத்து மாடியாக எழும்பியது. நானும் கடன் வாங்கி ஐந்தாவது மாடியில் ஒரு வீடு வாங்கினேன். ஏரியைப் பார்த்த பால்கனி என்று விளம்பரத்தாளில் படம் போட்டிருந்தான். ஏரி இருந்தது, பொய் இல்லை. ஏரிக்கும் நமக்கும் நடுவில் பழைய கிராமத்தின் சுடுகாடும் இருந்தது. அதைப் படத்தில் வெட்டிவிட்டு புல்வெளி ஒட்டியிருந்தான். விற்றவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. வீடு பார்க்க வந்தபோது அங்கே ஒரு தகரக் கூரையும் சாம்பல் மேடும் கண்ணில் பட்டும், பார்க்காத மாதிரி மாடுலர் கிச்சனைப் பார்க்கப் போன என் மேல்தான்.

குடி வந்த எல்லோரும் அப்படித்தான். சதுர அடி விலை குறைவாக இருந்தபோது ஒருத்தர் மூக்கிலும் நாற்றம் ஏறவில்லை. கிரகப் பிரவேசம் முடிந்து பால் பொங்கிய பிறகுதான் மூக்கு முளைத்தது. சங்கத்தின் மின்னஞ்சல் குழுவில் தினமும் நாலு கடிதம். அமெரிக்காக்காரனோடு போனில் பேசும்போது ஜன்னல் வழியாகப் பறையோசை கேட்கிறதாம், வெட்கமாக இருக்கிறதாம். எழுதியவர்களின் அப்பன் பாட்டன் எல்லாம் ஆகாசத்துக்குப் பறந்தா போனார்கள் என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை. நானும் அந்தக் கடிதங்களை விடாமல் படித்துக்கொண்டுதான் இருந்தேன்.

சங்கச் செயலாளர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்தார். நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்கள் செய்கிற கேடுதான் ஊரில் அதிகம் என்பது என் கட்சி. நான் பர்னர்காரன் என்று தெரிந்ததும், சுடுகாட்டுப் புகையைக் குறைக்க வழியுண்டா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன்.

அங்கே ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் சாம்பலை வாரிக்கொண்டிருந்தாள். பிணம் எரிக்கும் வேலை அவளுடையது. புருஷன் செய்துவந்த வேலை. அவன் செத்த பிறகு அவனையும் இவளே எரித்துவிட்டு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டாள். நகராட்சியில் தினக்கூலி, சுடுகாட்டு வாசலில் குடியிருக்க ஒரு அறை. வேலை போனால் அறையும் போகும். தெலுங்கில் ஆரம்பித்தவள், என் தெலுங்கைக் கேட்டுவிட்டுத் தமிழுக்கு மாறினாள். ஊடே ஹைதராபாத் உருது எட்டிப் பார்க்கும் தமிழ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, எதற்கு என்பதற்கு கைக்கு. அவள் அப்பா செகந்திராபாத் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர், பூர்வீகம் ஆற்காட்டுப் பக்கம். தெலுங்குக்காரனை, அதிலும் சுடுகாட்டுக்காரனைக் கட்டிக்கொண்டதால் பிறந்த வீட்டில் தலை முழுகிவிட்டார்களாம். சொல்லும்போது அவளுக்கு வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை.

மேடையைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று. இடுப்பளவு உயரச் செங்கல் மேடை. மேலே பிணமும் விறகும் வைக்கிற இரும்புச் சட்டம். மேடையின் வயிற்றில், ஏரியைப் பார்த்த பக்கம், ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு வாய் திறந்திருந்தது. அந்த வாய் உள்ளே போகப் போகக் குறுகி, சட்டத்துக்கு நேர் கீழே மேல்நோக்கித் திரும்பியது. ஏரிக் காற்று தானாக உள்ளே புகுந்து, வேகம் பிடித்து, விறகின் அடியில் போய்த் தட்டும். நாங்கள் கம்ப்யூட்டரில் நாள்கணக்காக ஓட்டிப் பார்த்து வரைகிற வளைவு அது. அவள் தினமும் காலையில் அந்த வாய்க்குள் நீளக் கம்பியை விட்டு முந்தின நாள் சாம்பலை இழுத்து வெளியே போடுவாள். சாம்பல் நின்னா காத்து நிக்கும், காத்து நின்னா பொணம் நிக்கும் என்றாள்.

அன்றைக்கு ஒரு பிணம் வந்தது, நான் இருந்து பார்த்தேன். முதல் அரை மணி நேரம் நல்ல புகை. பச்சை விறகு, பாலியஸ்டர் புடவை, பிளாஸ்டிக் நாரில் கட்டிய மாலை, யாரோ பக்தியோடு கொண்டுவந்த ஒரு டயர். அதெல்லாம் போன பிறகு தீ தெளிந்து, மேலே காற்று நெளிவது மட்டும்தான் தெரிந்தது. அப்படி எரிந்தால் மறுநாள் எலும்பு வெள்ளையாகக் கிடைக்கும். ‘காலைல பானை எடுத்துட்டு வர்றவங்களுக்கு எலும்புதான் கெடைக்கணும், வேற ஒண்ணும் கெடைக்கக் கூடாது. அதுக்குத்தான் சார் எனக்குக் கூலி’ என்றாள்.

விறகை நனையாமல் வைக்க ஒரு கொட்டகை, மேலே ஒரு புகைபோக்கி, டயருக்குத் தடை. மேடையில் கை வைக்க வேண்டாம். இப்படி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். செயலாளர் ரொம்ப நன்றி சொன்னார். என் காகிதம் எந்த ஃபைலில் செத்ததோ தெரியாது.

மூன்று மாதம் கழித்து ஒரு வரைபடத்தோடு வீட்டுக்கு வந்தார். சமூக சேவை என்று செலவு செய்ய அவர் கம்பெனி இடம் தேடிக்கொண்டிருந்ததாம், சுடுகாட்டை அழகுபடுத்தித் தரப் போகிறார்களாம். எங்கள் கட்டடப் பக்கம் பன்னிரண்டு அடிக்குத் தகரத் தடுப்பு, அதன் மேல் பச்சைப் பெயின்ட். மேடைக்கு நாலு பக்கமும் கிரானைட். ஏரியோரம் நடைபாதை வருவதால், நடக்கிறவர்கள் படிக்கும்படி, கொடுத்தவர்கள் பெயரைச் செதுக்கிய ஒரு பெரிய கல்லை மேடையின் ஏரிப் பக்கத்தில் பதிப்பார்கள். கல் எங்கே வருகிறது என்று பார்த்தேன். சரியாக அந்த வாயின் மேல் வந்தது.

பென்சிலை எடுத்து அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டேன். இங்கே திறப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எரியாது என்றேன். அவர் பதறவில்லை, குரலும் உயரவில்லை.

‘அந்த ஓட்டையெல்லாம் வேண்டாமுங்க சார், நாய் பூந்துருமுங்க. டிராயிங் திரும்பி கம்பெனிக்குப் போச்சுன்னா இன்னும் ரெண்டு மாசம் இழுத்துருமுங்க. உங்க ஊட்டு விசேசத்துக்குள்ள முடிக்க வேண்டாமுங்களா?’

விசேஷம் என்று அவர் சொன்னது என் மகளைப் பெண் பார்க்க வருவதை. பையன் அவர் டீமில் வேலை பார்த்தவன், சம்பந்தமே அவர் மூலமாக வந்ததுதான். பையனின் அப்பா சகுனம் பார்க்கிறவர் என்றும் அவரே சொல்லியிருந்தார். பால்கனிக்கு நேரே பிணம் எரிவதைப் பார்த்தால் காப்பியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார் என்று என் மனைவி இரண்டு வாரமாகத் தூங்கவில்லை. எனக்கும் அதே பயம்தான், ஆம்பிளை என்பதால் தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன்.

மேஜை இழுப்பறையிலிருந்து ரப்பரை எடுத்தேன். அந்த வட்டத்தை நானே அழித்தேன். அழித்த தூளை ஊதிவிட்டு, தொழில்நுட்ப ஆலோசகர் என்று அச்சடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். படிக்காதவன் செய்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். முப்பது வருஷம் அந்தக் காற்றில் சோறு தின்றவன் செய்ததற்கு என்ன பெயர் வைப்பது? தூ.

வேலை சொன்ன நாளுக்குள் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், பால்கனியில் நின்று ஏரியைப் பார்த்தார்கள், பச்சைத் தடுப்பைப் பார்த்துவிட்டு அங்கே என்ன, பார்க்கா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொன்னது நான்தான். நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள்.

அதற்குள் சுடுகாடு நாறத் தொடங்கியிருந்தது. முன்பு அரை மணி நேரம் இருந்த புகை இப்போது பகல் முழுவதும் இருந்தது. மேலே போகாமல் தகரத்தைத் தாண்டி வழிந்து, பிசுபிசுப்பாக எங்கள் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியது. கொடியில் காயும் பனியனில் கரித்துகள். துடைத்தால் எண்ணெய் மாதிரி இழுத்தது. அது எதன் எண்ணெய் என்று எனக்குத் தெரியும், என் மனைவியிடம் சொல்லவில்லை. மின்னஞ்சல் குழுவிலோ, இவ்வளவு செலவு செய்து கொடுத்தும் அந்தப் பொம்பிளைக்குச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே என்று ஏச்சு.

ஒரு நாள் அவள் எங்கள் கேட்டுக்கு வந்தாள். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை, நான் இறங்கிப் போனேன். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. மூங்கிலை வைத்துக் கிளறிக் கிளறிக் கை கொப்பளித்திருந்தது. கீழே காற்று வரவில்லை, அந்தக் கல்லை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள் என்று கேட்டாள். பேசுகிறேன் என்றேன். பேசவில்லை. நிச்சயதார்த்தம் முடியட்டும் என்று இருந்தேன். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது என்பார்களே, அது அன்றைக்கு எனக்கு எளிதாக வந்தது.

பிறகு கிராமத்துப் பெரியவர் ஒருவர் செத்தார். மறுநாள் காலையில் அவர் மகன்கள் மண்பானையோடு எலும்பு பொறுக்க வந்தார்கள். சத்தம் கேட்டு நானும் போனேன், போயிருக்க வேண்டாம். இடுப்புக்குக் கீழே எரிந்திருந்தது. மேலே எரியவில்லை. முகத்தில் பாதி இருந்தது. பெரிய மகன் பானையைப் போட்டு உடைத்துவிட்டு அவள் தலைமுடியைப் பிடித்தான். கொடுத்த விறகில் பாதியை விற்றுத் தின்றுவிட்டாள் என்று ஊரே கத்தியது. அவள் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே அந்தக் கல்லைக் கையால் தட்டித் தட்டிக் காட்டினாள். யாருக்கும் புரியவில்லை. புரிந்த ஒரே ஆளான நான் தகரத் தடுப்பு ஓரம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

நாலு நாள் கழித்து, பட்டப்பகலில், அவள் கடப்பாரையை எடுத்து அந்தக் கல்லை உடைத்தாள். கொடுத்தவர்கள் பெயரெல்லாம் துண்டு துண்டாக ஏரிக்கரையில் கிடந்தன. ஆலோசகர் என்று செதுக்கியிருந்த என் பெயரும் அதில் ஒன்று. அன்று மத்தியானம் வந்த பிணத்தை நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் புகை வெளுத்து, பிறகு புகையே இல்லாமல், தடுப்புக்கு மேலே காற்று மட்டும் நெளிந்தது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். தொழில்காரனுடைய சந்தோஷம், நன்றாக எரிகிற தீயைப் பார்த்தால் வருவது. அடுத்த நிமிஷமே மாப்பிள்ளை வீட்டார் ஞாபகம் வந்தது, நிச்சயத்துக்கு இன்னும் நாள் இருந்தது.

நன்கொடைச் சொத்தைச் சேதப்படுத்தினாள், விறகு திருடினாள் என்று இரண்டு புகார். விசாரணையை எங்கள் கிளப் ஹவுஸிலேயே வைத்தார்கள். நகராட்சி அதிகாரி ஒருவர், கிராமத்திலிருந்து இரண்டு பேர், செயலாளர், நான். எல்லோருக்கும் நாற்காலி, எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில், முந்திரி பிஸ்கட். அவள் சுவரோரம் நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள், எங்கள் காலில் எல்லாம் ஷூ இருந்தது. யாரோ ரூம் ஸ்ப்ரே அடித்தார்கள். மல்லிகை வாசனை. அவள் முன்னால், அவள் பார்க்க, அடித்தார்கள். பாதி எரிந்த முகத்தைப் பார்த்தபோது வந்த குமட்டலைவிட அது பெரிய குமட்டல்.

அதிகாரி மோசமானவர் இல்லை. அவளைத் தெலுங்கில் கேட்டார். காற்று போக உடைத்தேன் என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் கையெழுத்துப் போட்டதையோ, கேட்டில் வந்து என்னிடம் சொன்னதையோ சொல்லவில்லை. பிறகு அதிகாரி என் பக்கம் திரும்பி, நீங்கள் இந்தத் துறையில் பெரியவர் என்கிறார்கள், இந்தம்மா சொல்வது சரியா, அந்தக் கல்லால் எரிவது கெடுமா என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவள் திருடியில்லை என்று ஆகியிருக்கும், வேலையும் அறையும் தங்கியிருக்கும். அந்த வரைபடமும் மேஜை மேல்தான் கிடந்தது, என் கையெழுத்து மேலே தெரியும்படி. செயலாளர் என்னைப் பார்க்கவில்லை, தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

‘ஸ்டடி பண்ணித்தான் சொல்லணும். ஈர விறகாகவும் இருக்கலாம்’ என்றேன்.

பதிலின் சாமர்த்தியத்தைப் பாருங்கள்: அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அரசுத் தொழிற்சாலையில் எனக்குக் கிடைத்த படிப்பு அது. அதிகாரி ஃபைலை மூடினார். வேலையிலிருந்து நீக்கம், ஒரு வாரத்தில் அறையைக் காலி செய்ய வேண்டும். கிராமத்து ஆட்கள் போலீஸுக்குப் போகாமல் விட்டதே பெருந்தன்மை என்று பேசிக்கொண்டார்கள். மிச்ச பிஸ்கட்டை யாரோ டிஷ்யூவில் மடித்துக்கொண்டார்கள்.

அவள் கிளம்புகிற அன்று போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெளிவில்லை. மன்னிப்புக் கேட்கும் தைரியம் இல்லை, வேறு எங்காவது வேலைக்குச் சொல்லட்டுமா என்று கேட்டு நல்லவனாகப் பார்த்தேன் என்பதுதான் உண்மை. இரண்டு மூட்டை, ஒரு குடம், அந்த நீளக் கம்பி. கம்பியைச் சாக்குத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

‘நக்கோ சார். வேலை நானே பாத்துக்கறேன்’ என்றாள். பிறகு நிமிர்ந்தாள். ‘நீங்க பெரிய பெரிய உலை பாத்தவரு, இந்தச் சின்ன மேடை உங்களுக்குத் தெரியலேன்னு நெனச்சேன். ஒடச்சு எரிச்சுக் காட்டினா புரிஞ்சுக்குவாரு, அவங்க கிட்ட எடுத்துச் சொல்லுவாருன்னுதான் ஒடச்சேன்.’

எனக்கு முன்னாலேயே தெரியும் என்றேன். வரைபடத்தில் வட்டம் போட்டதையும் அழித்ததையும் சொன்னேன். எதற்கு அழித்தேன் என்பதையும் சொன்னேன், பெண் பார்க்க வந்தது, சகுனம், அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதுவரை யாரிடமும் சொல்லாததை, சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லாத நேரத்தில், இவளிடம் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. கணக்கு எங்கே தப்பியது என்று பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

‘பொண்ணு பாக்க வர்றாங்கன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னிக்கு ஒரு நாள் நெருப்பு வெக்காம நிறுத்தியிருப்பேனே சார். அதுக்குக் கல்லு கைக்கு?’